கோர்பியேர் வைனும் குறோய்டன் லைசென்சும்

தோர்ண்டன் ஹீத், லண்டன்
12.03.1989

அன்புள்ள தம்பி பெனடிக்ற்,

நானும் அருள்மலரும் ஆண்டவர் காவலில் சுகமாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி? பிரான்சின் அந்தத் தெற்கு மூலையில் காற்று ஆளையே தூக்கிக்கொண்டு போகும் என்று எழுதியிருந்தாய். காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போ.

நீ வேலை செய்யும் முந்திரிகைத் தோட்டக்காரர் சங்கத்தின் வைன் பெட்டி வந்து சேர்ந்தது. ஒரு போத்தலும் உடையவில்லை. ஆனால் சொல்ல மனமில்லாமல் சொல்கிறேன், உள்ளே இருந்தது வழியில் பழுதாகிவிட்டது. வாயில் வைத்தேன், ஒரே புளிப்பு, நாக்கு வறண்டு போயிற்று. சீனி போட்டுக் கலக்கிப் பார்த்தேன், திருந்தவில்லை. எறிய மனம் வராமல் இரண்டு போத்தலைப் பன்றியிறைச்சிக் கறிக்கு வினாகிரிக்குப் பதிலாக விட்டேன். கறி திறமாக வந்தது. மிச்சமும் அப்படியே செலவாகும். இனிமேல் மூடியை இறுக்கி அடிக்கச் சொல்.

உன் அத்தான் மோசம் போய் அடக்கம் முடிந்த பிறகு கடைக் குத்தகை என் பெயருக்கு வந்துவிட்டது. குடிவகை விற்கும் லைசென்சை மட்டும், நான் கறுப்புடுப்போடு மூலையில் இருந்த கிழமையிலேயே பெரியத்தான் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். தற்காலிகம் என்றார். இப்போது கடையைப் பூட்டிவிட்டு விம்பிள்டனில் தன் வீட்டு மேலறைக்கு வந்து இருக்கட்டாம். தம்பி பெண்சாதி சாராயக் கடையில் நிற்பது ஞானரட்ணம் என்கிற தன் பெயருக்கு அழகில்லையாம். லைசென்ஸ் அவர் கையில் இருக்கிறவரை அவர் சொன்னால் கடை பூட்டுத்தான்.  தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

அன்பு மறவாத அக்கா,
பியற்றிஸ்

—

கோர்பியேர்
02.04.1989

என் அன்பான அக்கா,

நான் சுகம். நீங்களும் மருமகளும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் நொந்தேன். அக்கா, அது பழுதாகவில்லை. அதுதான் அதன் ருசி. எங்கள் ஊரில் வைன் என்றால் நத்தார்ப் பெருநாளுக்கு முந்திரிகைவத்தலையும் சீனியையும் ஊறவைத்துக் கரண்டியால் தந்த இனிப்புப் பாணி. பூசை வைனோ சுவாமியாரின் தொண்டைக்கு மட்டும்தான். இனிப்பில்லாத வைனை நாங்கள் எங்கே கண்டோம்? நானும் வந்த புதிதில் இங்கே மேசையில் வைத்ததை முகம் சுளித்துத்தான் குடித்தேன்.

இந்தக் கோர்பியேர்ப் பக்கத்து வைனுக்கு முன்பு பெயரே கிடையாது. பவுசர் லொறியில் ஏற்றி வடக்கே அனுப்புவார்கள், அங்கே வேறு வைனோடு கலந்து வேறு பெயரில் விற்பார்கள். இப்போது சங்கத்தில் இளம் ஆட்கள் வந்துவிட்டார்கள். கண்டபடி காய்த்த கொடிகளைப் பிடுங்கிவிட்டு சிரா என்ற நல்ல இனத்தை நட்டிருக்கிறார்கள். கொதித்துக் கெடாமல் இருக்கக் குளிரூட்டும் தொட்டி போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு அனுப்பிய எண்பத்தேழாம் ஆண்டுப் போத்தலில்தான் முதல்முதல் எங்கள் சங்கத்தின் பெயரை ஒட்டினார்கள். அதை நீங்கள் கறிக்குள் விட்டிருக்கிறீர்கள்!

அடுத்த முறை கறிக்குள் விடாமல் கறியோடு குடித்துப் பாருங்கள். வாயில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள்.

பெரியத்தான் சொல்வதையும் யோசியுங்கள். உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார் போலிருக்கிறது.

உங்கள் தம்பி,
பெனடிக்ற்

—

தோர்ண்டன் ஹீத்
07.05.1989

அன்புள்ள தம்பி,

சுகமாக இருக்கிறாயா? இங்கே எனக்கு முழங்கால் கொஞ்சம் நோ, மற்றப்படி குறைவில்லை. அருள்மலர் கணக்கில் வகுப்பில் முதலாம் பிள்ளை.

நீ சொன்னபடி செய்தேன். ஞாயிறு பன்றியிறைச்சிக் கறியும் பாணும் வைத்து, ஒரு கிளாசில் ஊற்றி, கதவைச் சாத்திவிட்டு இருந்தேன். முதல் மிடறு பழைய புளிப்புத்தான். உறைப்பு வாயில் இருக்கும்போதே இரண்டாவது மிடறு குடித்தேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கறியின் ருசியும் கூடியது, வைனின் ருசியும் கூடியது. இந்த வயதில் என் நாக்கு எனக்குப் புதிதாகக் கிடைத்தது போல இருந்தது.

உங்கள் சங்கத்து வைனை லண்டனுக்கு எடுக்கும் ஆள் பெர்மண்ட்சியில் ரயில் பாலத்துக்குக் கீழே இருக்கிறார் என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. போன் பண்ணி ஆறு பெட்டி எடுத்தேன். எங்கள் வழக்கமான மொத்தக் கடை ஆள் கண்டுவிட்டுச் சிரித்தான். அந்தப் பக்கத்து வைன் நிலம் கழுவத்தான் நல்லதாம், தோர்ண்டன் ஹீத்தில் ஒருவரும் வாங்க மாட்டார்களாம். பியர் ரின்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் அதைத்தான் அடுக்கி வைத்தேன். எதிர்ப் பக்கத்து ஜமேக்கா பஸ் சாரதி ஒரு போத்தல் கொண்டுபோனார். அடுத்த நாள் இரண்டுக்கு வந்தார்.

பெரியத்தானைப் பற்றி எழுதினாயே, அதற்குப் பதில் சொல்கிறேன். நீ காலையிலிருந்து பின்னேரம் வரை வைனுக்குள்ளேயே நிற்கிறாய், அது மானமான தொழில். அதே போத்தலை நான் அலுமாரியில் வைத்தால் மானம் போகிறதா? கடையை விடமாட்டேன். லைசென்சை என் பெயருக்கு மாற்றச் சொல்லிக் குறோய்டன் கோர்ட்டில் மனுப் போடப் போகிறேன்.

உன் அக்கா,
பியற்றிஸ்

—

கோர்பியேர்
23.07.1989

என் அன்பான அக்கா,

நலமாக இருக்கிறேன், உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசுங்கள்.

பதில் பிந்திவிட்டது, கோபிக்க வேண்டாம். இங்கே ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. கொடியில் தொங்குகிற பச்சைக் குலைகளில் பாதியை வெட்டி நிலத்தில் போட வேண்டும் என்று சங்கத்தில் முடிவெடுத்தார்கள். குலை குறைந்தால் மிச்சக் குலையில் சாரம் கூடும். காய்த்ததை வெட்டி எறிவது பாவம் என்று கிழவர்கள் கத்தினார்கள். ஒருவர் என் கத்தரிக்கோலைப் பிடுங்கி வேலிக்கு மேலால் எறிந்தார். நாங்கள் போய்ப் பொறுக்கி எடுத்து வந்து திரும்ப வெட்டினோம். நாள் முழுக்க வெட்டிவிட்டு வந்து இரவு நாங்கள் நித்திரை கொள்ளவில்லை, பிழையாகப் போனால் எல்லாம் போச்சு என்ற பயம்.

எண்பத்தெட்டாம் ஆண்டு வைனில் ஆறு போத்தல் அனுப்புகிறேன். எண்பத்தேழோடு வைத்துப் பாருங்கள். எது திறம் என்று நான் சொல்ல மாட்டேன். அருள்மலருக்கு ரிப்பனும், மணக்கிற சவர்க்காரமும், பின்னிய சட்டை ஒன்றும் அதற்குள் இருக்கிறது.

ஆவணிப் பெருநாளுக்கு லூர்து மாதாவிடம் போகிறோம். லண்டன் சனமும் பஸ் பிடித்து வருவார்களாம். உங்களுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன்.

அன்புடன்,
பெனடிக்ற்

—

தோர்ண்டன் ஹீத்
03.09.1989

அன்புள்ள தம்பி,

உன் சுகத்துக்கு மன்றாடுகிறேன். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, சனத்தின் வாய்தான் ஓயவில்லை.

எண்பத்தெட்டுத்தான் திறம். சந்தேகமே இல்லை. எண்பத்தேழு வாய்க்குள் வந்து சண்டை பிடித்துவிட்டுப் போகும். இது வந்து இருந்து கதைக்கிறது. பஸ் சாரதியும் அதையேதான் சொன்னார். இப்போது ஒவ்வொரு சனியும் பின்னேரம் கடையில் இரண்டு போத்தல் திறந்து, வருகிறவர்களுக்குச் சும்மா ஒரு வாய் கொடுக்கிறேன். நானும் ருசி பார்ப்பேன். பெர்மண்ட்சிக்காரர் காட்டித் தந்தபடி வாயில் வைத்திருந்து பேசின் பாத்திரத்துக்குள் துப்பிவிடுவேன்.

அதைத்தான் எங்கள் கோயில் பெண்டுகள் கண்ணாடிக்குள்ளால் கண்டிருக்கிறார்கள். குடிக்கிறது ஒரு பாவம், துப்புகிறது அதைவிடப் பாவம் ஆயிற்று. குடி முற்றி வயிறு ஏற்காமல் சத்தி எடுக்கிறாளாம் என்று அருமைநாயகி மாமி ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறாவாம். கேட்டுச் சிரித்தேன். பெரியத்தான் சிரிக்கவில்லை. நான் மனுப் போட்டதும் அவர் மறுப்புப் போட்டுவிட்டார். குடிகாரியிடம் குடிவகை லைசென்ஸ் கொடுக்கக் கூடாதாம். இரண்டு மாதம் தள்ளி விசாரணை.

இன்னொன்று. அவர் லூர்து போய் வந்த கையோடு கடைக்கு வந்தார். "உன்ர தம்பியைக் கண்டனான்" என்றார்.  முகத்தில் ஒரு விதமான சிரிப்பு. அங்கே என்ன நடந்தது?

விசாரணைக்கு நீ வா. வைனை எப்படி ருசி பார்ப்பது என்று வைன் செய்கிற ஆளே சொன்னால் கோர்ட் கேட்கும். கூடப்பிறந்தவன் பக்கத்தில் நிற்கிறான் என்பதையும் இந்தச் சனம் பார்க்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் அக்கா,
பியற்றிஸ்

—

கோர்பியேர்
20.09.1989

அன்பான அக்கா,

சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல்.

அறுவடை நடக்கிறது. இந்த வருடம் வெயில் கூட, முந்திப் பழுத்துவிட்டது. விடியக் குளிரோடு வெட்டி, சின்னப் பெட்டிகளில் நசியாமல் கொண்டுவருகிறோம். இப்படி ஒரு முந்திரிகையை இங்கே ஒருவரும் கண்டதில்லை என்கிறார்கள். குலையை வெட்டி எறிந்ததற்குச் சண்டை பிடித்த கிழவரே வந்து தின்று பார்த்துவிட்டு, இன்னொரு குலையைப் பறித்துக்கொண்டு போனார்.

என்னால் இப்போது வர ஏலாது. பெரியத்தானைப் பகைக்க வேண்டாம் அக்கா. மனுவைத் திருப்பி எடுத்தால் எல்லாருக்கும் நல்லது.

பெனடிக்ற்

—

தோர்ண்டன் ஹீத்
08.10.1989

தம்பி,

நாங்கள் சுகம். நீ சுகம் என்று எழுதினாய், நான் நம்பவில்லை.

என்னை மடைச்சி என்று நினைத்தாயா? லூர்துவைப் பற்றிக் கேட்டேன், நீ முந்திரிகைப்பழத்தைப் பற்றி எழுதுகிறாய். உன் கடிதங்களை எல்லாம் எடுத்துத் திரும்ப வாசித்தேன். சித்திரையில் "நான்" என்று எழுதினவன் ஆடியில் "நாங்கள் வெட்டினோம், நாங்கள் நித்திரை கொள்ளவில்லை" என்று எழுதுகிறாய். சங்கம் முழுக்கவா உன் அறையில் நித்திரை இல்லாமல் இருந்தது? பதின்மூன்று வயதுப் பெட்டைக்கு எந்த நிறத்தில் ரிப்பன் பிடிக்கும் என்று உனக்கு எப்போது தெரியவந்தது? அந்தச் சட்டையை நீதான் பின்னினாயா?

நேற்றுப் பெரியத்தானிடம் நேரே கேட்டேன். அவர் மறைக்கவில்லை. லூர்துவில் உன்னோடு ஒரு வெள்ளைக்காரி நின்றாளாம், உன்னைவிட மூப்பாம், முன்பு ஒருவனைக் கலியாணம் கட்டிப் பிரிந்தவளாம். "உன்ர தம்பி கோர்ட்டுக்கு வந்தால் நான் ஊரில உங்கட அம்மாவுக்கு எழுதுவன். அவனுக்கு அது தெரியும்" என்றார். ஜெபமாலை உருட்டிவிட்டு வந்த கை அது.

இதுதானா நீ சொல்லாமல் விட்டது? இதற்காகவா என் கடையைப் பூட்டச் சொன்னாய்? எனக்கு உன் மேல் கோபம் வந்தது. பிறகு உன் மேல் இருந்த கோபம் அவர் மேல் திரும்பிவிட்டது. விசாரணை நவம்பர் இருபத்தொன்று. உடனே பதில் எழுது. அவளுடைய பெயரையும் எழுது.

பியற்றிஸ்

—

தோர்ண்டன் ஹீத்
05.11.1989

தம்பி பெனடிக்ற்,

நீ சுகமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். பதில் இல்லை. தபால்காரன் கடைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் எழும்பிப் பார்த்தேன்.

நீ எழுதாதபடியால் நான் எழுதிவிட்டேன், உனக்கல்ல, அம்மாவுக்கு. பெனடிக்ற் ஒரு பிரெஞ்சுப் பொம்பிளையோடு இருக்கிறான், அவள் என் மகளுக்குச் சட்டை பின்னி அனுப்பினாள், கையில் நல்ல துப்புரவு இருக்கிறது என்று எழுதினேன். பியற்றிஸ் சனிக்கிழமைகளில் வைன் குடிக்கிறாள், துப்பவும் செய்கிறாள் என்றும் எழுதினேன். யாழ்ப்பாணம் போகிற ஆளிடம் கையில் கொடுத்து அனுப்பியாயிற்று. இனிப் பெரியத்தான் அம்மாவுக்கு எழுத ஒன்றுமில்லை.

உன்னைக் கேட்காமல் செய்தேன். கோபமென்றால் கோபி. பயத்தில் நீ அங்கே ஒளிந்து, அந்தப் பயத்தை வைத்து அவர் என் கடையைப் பூட்ட, நான் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன்.

கோர்ட்டுக்குத் தனியாகத்தான் போகிறேன்.

பியற்றிஸ்

—

தோர்ண்டன் ஹீத்
25.11.1989

அன்புள்ள தம்பி,

உன் சுகத்தைக் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன், இருந்தாலும் கேட்கிறேன். நாங்கள் சுகம்.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று நீதவான்மார் இருந்தார்கள், நடுவில் தலை நரைத்த ஒரு அம்மா. பெரியத்தான் கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு வந்து, குடும்பத்துக்குத் தான்தான் பொறுப்பு என்றும், நான் துக்கத்தில் குடிக்கப் பழகிவிட்டேன் என்றும், தனக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னார்.  எனக்கே ஒரு கணம் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்து, நீ குடிப்பதுண்டா என்று கேட்டா. "இல்லை" என்று சொல்லும்படி என் வக்கீல் கண்ணைக் காட்டினார். எனக்கு வாயில் வந்த இங்கிலீசில் சொன்னேன். தமிழில் உனக்குச் சொன்னால் இப்படித்தான்:

"ஓம், குடிக்கிறனான். நான் விக்கிறது நல்லதோ கூடாதோ எண்டு எனக்குத் தெரியவேணும். இறைச்சிக்கடைக்காரன் இறைச்சி தின்னிறவனோ எண்டு நீங்கள் கேக்கிறதில்லை. இவர் ஒரு வருசமா இந்தக் கடைக்கு லைசென்ஸ்காரர். கடைக்குள்ள எத்தினை வகை வைன் இருக்கு எண்டு அவரைக் கேளுங்கோ."

கேட்டார்கள். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு, தான் அதற்குள் அதிகம் போவதில்லை, போக விருப்பமில்லை என்றார். போக விருப்பமில்லாத கடைக்கு லைசென்ஸ் எதற்கு என்று அந்த அம்மா கேட்டா. பஸ் சாரதி லீவு போட்டுவிட்டு வந்து, சனிக்கிழமைகளில் ஒருவரும் குடித்து வெறித்ததைத் தான் கண்டதில்லை, பேசின்தான் நிரம்பும் என்று சொன்னார். பொலிசுக்கும் மறுப்பில்லை.

லைசென்ஸ் என் பெயருக்கு வந்துவிட்டது, தம்பி. கதவுக்கு மேலே லைசென்ஸ்காரரின் பெயர் இருக்கவேண்டும் என்பது சட்டம். பெரியத்தானின் பெயரைச் சுரண்டிவிட்டு என் பெயரை எழுதுவித்தேன். வெளியே நின்று பார்த்தபோது அழுகை வந்தது. நீ பக்கத்தில் இல்லை என்பதும் அதில் பாதி.

உன் அக்கா,
பியற்றிஸ்

—

கோர்பியேர்
28.01.1990

என் அன்பான அக்கா,

நீங்களும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம் என்று இம்முறை உண்மையாக எழுதுகிறேன்.

அம்மாவின் கடிதம் வந்தது. அது வராமல் உங்களுக்கு எழுத எனக்கு முகமில்லை. அம்மா எழுதியதை அப்படியே எழுதுகிறேன்: "முதலில் அழுதேன். பிறகு யோசித்தேன். இந்த ஊரில் நான் போய்வந்த செத்தவீடுகள் எத்தனை. உயிரோடு இருக்கிற பிள்ளை யாரோடு இருக்கிறான் என்றா அழுவது? ஞானரட்ணத்தின் கடிதமும் வந்தது. பியற்றிஸின் கடிதம் முந்திவிட்டபடியால் அதை அடுப்பு மூட்ட வைத்தேன். நீ அவளைச் சுவாமியாருக்கு முன்னால் கொண்டுபோக வழி பார்."

அவளுடைய பெயர் மார்த்தின். தகப்பனின் முந்திரிகைத் தோட்டத்தைத் தனியாக நடத்துகிறாள். குலையை வெட்டவேண்டும் என்று சங்கத்தில் எழும்பிச் சொன்னது அவள்தான். விசாரணைக்கு வா என்று நீங்கள் எழுதியபோது, போ என்றுதான் அவள் சொன்னாள். பயந்தது நான். பெரியத்தான் போன் எடுத்தார், "இனி உங்களுக்குப் பயப்பிட எனக்கு ஒண்டும் மிச்சமில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். உங்களால் சொன்ன சொல் அது.

எண்பத்தொன்பது தொட்டியில் ஆறுகிறது. இங்கே இதைவிட நல்ல வைன் வந்ததில்லை. வடக்கிலிருந்து பவுசர் கணக்கில் வைன் கேட்டு வந்த வியாபாரியைச் சங்கம் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது. தொட்டியிலிருந்து எடுத்த சில போத்தலோடு மாசிக் கடைசியில் வான் வண்டியில் வருகிறோம். நாங்கள் மூன்று பேர், அக்கா. மார்கழியில் எங்களுக்கு மகள் பிறந்தாள்.

உங்களுக்குக் கோயில் சனத்தோடு இனியும் கரைச்சல் வேண்டாம். ஆட்கள் அடங்கின பிறகு, கடைக்குப் பின்னால் உள்ள சின்ன ஒழுங்கையால் வந்து, மேலே உங்கள் வீட்டுக்கு ஏறிவிடுகிறோம்.

உங்கள் தம்பி,
பெனடிக்ற்

—

தோர்ண்டன் ஹீத்
06.02.1990

அன்புள்ள தம்பிக்கும் மார்த்தினுக்கும்,

நாங்கள் சுகம். பிள்ளை சுகமா, பால் குடிக்கிறதா, இராவில் நித்திரை கொள்ள விடுகிறதா? இதைக் கேட்க இரண்டு மாதம் பிந்திவிட்டது, அதற்கு உன்னை நேரில் கண்டு ஏசுவேன். அருள்மலர் தொட்டிலுக்குச் சீலை வெட்டித் தைக்கத் தொடங்கிவிட்டாள்.

ஒழுங்கையால் வரவேண்டாம். அங்கே குப்பை வாளி வைத்திருக்கிறேன். தவக்காலம் தொடங்க முந்தின ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை இருக்கிறது, மத்தியானம் முடியும், கடை திறக்கவும் அந்த நேரம்தான் சட்டம் விடுகிறது. பெரியத்தானும் வருவார், அருமைநாயகி மாமியும் வருவா, எல்லாருமாக என் கடைக்கு முன்னால்தான் பஸ்ஸுக்கு நிற்பார்கள். அந்த நேரத்துக்கு வாருங்கள். வானை வாசலில் நிறுத்து. மார்த்தின் முன்னுக்கு இறங்கட்டும். பிள்ளையைக் குளிர் என்று மூடிப் போர்த்திக்கொண்டு வரவேண்டாம், முகம் தெரியத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

வாசலில் நான் நிற்பேன்.

உங்கள் அக்கா,
பியற்றிஸ்